மெத்தையில ஒருக்காப் படுத்துப் பாக்கலாமோ?

போன வருசம் நல்லூர்த் திருவிழா முடிஞ்ச அடுத்த கிழமை எங்கட குழு யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் சந்திப்பொன்றை வைத்தது. மட்டக்களப்பு, ஹற்றன், கொழும்பு என்று வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் மட்டும் பதினொரு பேர். மண்டபம், மைக், சாப்பாடு எல்லாத்துக்கும் ஆள் பிரிச்சாச்சு. 'தங்குமிடம்' என்ற வரிக்கு நேரே மட்டும் ஒருத்தருடைய பெயரும் இல்லை. கடைசியில் அது எங்களில் மூன்று பேருடைய தலையில் விழுந்தது.

வருகிறவர்களில் ஹற்றன் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் இருந்தார். நாள் முழுக்க பஸ்ஸில் இருந்து வந்து சேர வேண்டியவர். போனில் அவர் கேட்டது ஒரே விசயம்தான்: "ஏசி இல்லேன்னாலும் பரவாயில்ல பிள்ளைங்களா, கட்டில் மட்டும் பள்ளமா இல்லாம பாத்துக்கோங்க." அதை ஒரு சின்ன வேண்டுகோளாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஏழு இடம் ஏறி இறங்கின பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்று விளங்கியது.

ஏழு இடத்திலும் அறை காட்டும் முறை ஒன்றுதான். கதவைத் திறந்த உடனே ஏசி ரிமோட் கைக்கு வரும். "டிவி நாப்பத்திரண்டு இஞ்சி தம்பி." குளியலறைக் கதவு திறக்கும், சுடுதண்ணிக் குழாய் திருகிக் காட்டப்படும், வைஃபை பாஸ்வேர்ட் ஒட்டின இடத்தை விரல் காட்டும். சுவரில் பனைமரப் படமொன்று கட்டாயம் இருக்கும். கட்டிலுக்கு மேலே துவாயை மடிச்சு அன்னமாக்கி வைத்திருப்பார்கள். அந்த அன்னத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் இடத்தில், "அண்ணை, மெத்தையில ஒருக்காப் படுத்துப் பாக்கலாமோ?" என்று கேட்டோம். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "படுக்கவோ? ஏன்?" என்றார். அவரில் பிழை சொல்ல ஏலாது. அவ்வளவு காலமும் ஒருத்தரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அறை எடுக்கிறவன் காசு குடுக்கிறது நித்திரைக்கு. மற்றதெல்லாம் அதோட வாற சாமான். ஆனால் எங்கட ஊரில் விடுதி கட்டுகிறவர்கள் வாசல் மாபிளுக்கும் வரவேற்பறை வெளிச்சத்துக்கும் கொட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சின காசில் மெத்தை வாங்குகிறார்கள். மாபிள் படத்தில் விழும், மெத்தை விழாது. எட்டு மணித்தியாலம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ஒரேயொரு பொருளுக்கு இந்த மரியாதைதான் கிடைக்கிறது.

ஏழு இடத்திலும் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். இரண்டு இடத்தில் மெத்தை வந்த பொலித்தீன் உறையை இன்னும் கழட்டவில்லை, அதுக்கு மேலேயே பெட்சீற். புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம். மெத்தை பழுதாகாமல் இருக்கத்தான் என்று விளக்கம் வேறு. யாழ்ப்பாணத்து வெக்கையில், கரண்டும் போன இரவில் பொலித்தீனுக்கு மேலே படுத்தவர்களுக்குத் தெரியும் அது என்ன கதை என்று. வியர்வை போக வழியில்லை, முதுகு அவியும். மெத்தையைக் காப்பாற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு மேல்பக்கம் துணியும் உள்பக்கம் தண்ணி புகாத மெல்லிய படையும் உள்ள உறைகள் வருகின்றன. காற்றோட்டமுள்ளதாகப் பார்த்து வாங்கினால் சரி, கழட்டித் தோய்க்கவும் ஏலும். சுற்றிவர சிப் வைத்து மெத்தையை முழுசாக மூடுகிற வகை என்றால் மூட்டைப்பூச்சி உள்ளே குடியேறுவதும் குறையும்.

இன்னொரு இடத்தில் 'டபிள் ரூம்' என்று காட்டியது இரண்டு தனிக் கட்டிலை ஒட்டி வைத்த அறை. நடுவில் ஒரு இடைவெளி. இரவில் ஒரு கை, விடிய ஒரு கால் என்று அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். புதுசாகக் கலியாணம் முடித்தவர்களுக்கும் இதைத்தான் குடுக்கிறார்களா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

மிச்ச இடங்களில் நடுவில் பள்ளம். ஹற்றன் ரீச்சர் சொன்ன அதே பள்ளம். கடையில் புதுசாக நிக்கும்போது எல்லா ஸ்பொஞ்ச் மெத்தையும் ஒரே மாதிரித்தான் தெரியும். கையால் அமத்தினால் துள்ளி எழும்பும். ஆனால் அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்சுக்குள் பெரும்பகுதி காற்றுத்தான். ஆட்கள் படுக்கப் படுக்க இடுப்பு வருகிற இடம் முதலில் தளரும், பிறகு எழும்பாது. கட்டிலின் தலைமாட்டில் இருந்து ரிவி பார்ப்பவர்கள், ஓரத்தில் இருந்து சப்பாத்துக் கழட்டுபவர்கள் எல்லாரும் சேர்ந்து மிச்சத்தை முடிப்பார்கள். வீட்டு மெத்தையில் ஒரே ஆள் ஒரே பக்கம் படுப்பார். விடுதி மெத்தைக்கு இன்றைக்கு ஐம்பது கிலோ, நாளைக்கு நூற்றிப் பத்துக் கிலோ.

நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தராசு போதும். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஆறு இஞ்சித் தடிப்புள்ள மெத்தையின் கன அளவு கிட்டத்தட்ட 0.42 கன மீற்றர். கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி என்று கடைக்காரர் சொன்னால், உறையை விட்டு ஸ்பொஞ்ச் மட்டும் பதின்மூன்றரைக் கிலோ அளவில் நிற்க வேண்டும். 40 என்றால் பதினேழு கிலோ. நிறுத்துப் பார்க்க எட்டரைக் கிலோதான் வருகிறதா? அவர் விற்கிறது 20. பத்து அறைக்கு மெத்தை எடுக்கிற முதலாளி அரை மணித்தியாலம் செலவழித்து ஒன்றை நிறுத்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை. அரிசி மூட்டையை நிறுக்காமல் வாங்குவாரா?

ஒன்றைக் குழப்பக் கூடாது. அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி, மெத்தை எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். உடம்பு எவ்வளவு அமிழும் என்பது கடினத்தின் கணக்கு. இந்த இரண்டாவதில்தான் எங்கட ஆட்களிடம் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது: "கல்லுமாதிரிக் கிடக்கோணும், அதுதான் நாரிக்கு நல்லம்." எங்கட வீடுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்த வசனம். ஒரு விடுதிக்காரரும் அதையேதான் சொன்னார். பலகை போல இருந்த மெத்தையைத் தட்டிக் காட்டி, டொக்டர்மார் சொல்லுறதும் இதைத்தான் என்றார்.

ஸ்பெயினில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட நாரிநோவுள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கடினமான மெத்தை, மற்றப் பகுதிக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. தொண்ணூறு நாளுக்குப் பிறகு பார்த்தால் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நோ கூடுதலாகக் குறைந்திருந்தது. 2003 இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. அது நோவுள்ளவர்களை வைத்துச் செய்தது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லு மெத்தைதான் மருந்து என்று யாராவது அடிச்சுச் சொன்னால், கொஞ்சம் பொறுங்கோ அண்ணை என்று சொல்ல இது போதும்.

காரணமும் விளங்காத ஒன்றில்லை. எங்கட உடம்பு பலகை இல்லை. சரிந்து படுத்தால் தோளும் இடுப்பும் வெளியே தள்ளி நிற்கும், இடை உள்ளே போகும். தோளையும் இடுப்பையும் கொஞ்சம் உள்ளே விட்டு, இடையைத் தாங்கிப் பிடித்தால்தான் முள்ளந்தண்டு நேராகக் கிடக்கும். கல்லு மெத்தை தோளை உள்ளே விடாது. விடிய எழும்ப கை விறைச்சிருக்கும். தொய்ந்த மெத்தை இடுப்பை அளவுக்கு மீறி விழுங்கும், முதுகு தொட்டில் மாதிரி வளையும். ரீச்சர் பயந்தது அதற்குத்தான். நிமிர்ந்து படுத்து நாரிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் இடமும் மிச்சமிருந்தால் மெத்தை மிஞ்சின கடினம். கையே போகாவிட்டால் மிஞ்சின மென்மை. சரிந்து படுத்து, பின்பக்கமாக ஒரு போட்டோ எடுக்கச் சொன்னால் முதுகு வளைந்து கிடக்குதா என்று கண்ணாலேயே தெரியும். நாலாவது இடத்தில் நாங்கள் இப்படிப் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அறை காட்ட வந்த தம்பி வெளியே போய் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இனி எதை வாங்குவது? ஸ்பிரிங் மெத்தை என்றால் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கிற வகை, எல்லாம் ஒன்றோடொன்று பின்னின வகையைவிட நல்லது. ஒரு ஆள் புரண்டால் மற்ற ஆள் ஆடமாட்டார். ஆனால் கடலுக்குக் கிட்ட இருக்கிற விடுதிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே விடுவதில்லை.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. இலங்கையில் தென்னந்தும்பை இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். நீளமான விறைப்பான நார் தும்புத்தடிக்கும் தூரிகைக்கும் போகும். கட்டையான நாருக்குச் சந்தையில் பெயரே மெத்தைத் தும்பு. அதைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறோம். றப்பரும் எங்கட மண்ணில்தான். 1876 இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடவில் நட்டதில் தொடங்கின கதை அது. தும்பின்மேல் றப்பர்ப் பாலைத் தெளித்து, சூட்டில் அமத்தி எடுத்தால் காற்றுப் போய்வருகிற, இலேசில் தொய்யாத ஒரு பலகை வரும். அது தனியாகக் கடினம். அதற்கு மேலே ஒன்றரை, இரண்டு இஞ்சி லேடெக்ஸ் வைத்தால் கடினமும் இல்லாமல் மென்மையும் இல்லாமல் நடுவில் நிற்கும். தென்னையும் றப்பரும் வளர்கிற நாட்டில், விடுதி மெத்தைக்கு இறக்குமதி இரசாயனத்தில் ஊதின ஸ்பொஞ்சைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதது எங்களுக்கு விளங்கவேயில்லை.

விலைதான் காரணம் என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்கு மெத்தை அறுபதாயிரம் ரூபா என்று வையுங்கள். ஐந்து வருசம், வருசத்தில் இருநூறு இரவு ஆள் தங்கினால் ஆயிரம் இரவு. இரவுக்கு அறுபது ரூபா. அதே அறையில் மேசையில் வைக்கிற தண்ணிப் போத்தல் அதைவிட விலை.

அதற்காக நல்ல மெத்தை என்றால் தடிப்பான மெத்தை, பாரமான மெத்தை என்று ஓடுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் இது நடந்தது. 1999 இல் வெஸ்டின் ஹோட்டல்கள் 'ஹெவன்லி பெட்' என்ற பெயரில் கட்டிலையே விளம்பரப் பொருளாக்கின. பார்த்த மற்றக் கொம்பனிகளும் போட்டியில் இறங்கின. மெத்தை தடித்தது, தலையணை கூடியது, பெட்சீற் மூன்றடுக்கானது. விருந்தாளிக்குச் சொர்க்கம்தான். அந்தப் பாரத்தைத் தூக்கித் தூக்கி விரிப்பு செருகின பெண்களின் தோளும் நாரியும் என்னவாயின என்று அவர்களுடைய தொழிற்சங்கம் தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்களின் தசை, மூட்டுக் காயங்களைத் தடுப்பதற்கென்றே ஒரு விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இது எங்கட ஊருக்குப் பொருந்தாத கதை இல்லை. ஐந்தாவது இடத்தில் அறை கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "இந்த மெத்தை எப்பிடி அக்கா?" என்று கேட்டோம். நாங்கள் கேட்டது படுக்கிறதைப் பற்றி. அவர் சொன்னது தூக்கிறதைப் பற்றி. "கட்டில் ரெண்டு பக்கமும் சுவரோட கிடக்குத் தங்கச்சி. அங்கால செருகிறதெண்டா கட்டிலுக்கு மேல ஏறி முழங்காலில நிண்டுதான் செய்யோணும். ஒரு நாளைக்கு ஒம்பது ரூம்." அவர் அந்தக் கட்டிலில் ஒருநாளும் படுத்ததில்லை. தன்ர நாரியை மட்டும் அதற்குக் குடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் புகழ்ந்த தும்பு, லேடெக்ஸ் எல்லாம் பாரம் கூடியவைதான், அதை மறைக்கவில்லை. முழு லேடெக்ஸில் அதே ஆறடி மெத்தை முப்பது கிலோவைத் தொடும். ஆகவே மெத்தையோடு சேர்த்து வாங்க வேண்டியது நாலு மூலைக்கும் இலாஸ்ரிக் வைத்த பெட்சீற். அதற்கு மூலையைக் கொஞ்சம் கிளப்பினால் போதும். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இரண்டடி விட வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒருக்கா மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். இதொன்றும் பெரிய செலவில்லை. அறை கட்டும்போதே அந்த அக்காவையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சுவரோடு கட்டில் வந்திருக்காது.

ஆறாவது இடம் பழைய வீடொன்று. வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் வெளிநாடு போய்வருகிறவர், ஆறு அறையை வாடகைக்கு விடுகிறார். ஏசி இரண்டு அறையில்தான். மெத்தை தும்பும் லேடெக்ஸும், உறை சுத்தம், கட்டில் பலகை வளையவில்லை. மூவரும் மாறி மாறிப் படுத்தோம். அவர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "எனக்கே நாரிப்பிரச்சினை பிள்ளையள். அதுதான்" என்றார். ஏழாவது இடத்தைச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து இதையே எடுத்தோம். பதினொரு பேரும் ஆறு அறைக்குள் அடங்கினார்கள். ரீச்சருக்கு முன் அறை.

ஆனால் ஒருவரை நாங்கள் கணக்கில் எடுக்கவேயில்லை. கொழும்பிலிருந்து வந்த ஐந்து பேரும் வானில் வந்தார்கள். வானை ஓட்டி வந்த அண்ணை எங்கே படுக்கிறது? "ட்ரைவர்மாருக்குப் பின்னால ரூம் இருக்கு, காசு வேண்டாம்" என்று வீட்டுக்காரர் முதலே சொல்லியிருந்தார். நாங்களும் சந்தோசமாகத் தலையாட்டிவிட்டோம். எங்கட பட்டியலில் அந்த அறை இல்லை, போய்ப் பார்க்கவும் இல்லை.

இரண்டாம் நாள் விடிய தேத்தண்ணி கொண்டுபோனபோதுதான் பார்த்தோம். பழைய சாமான் அறை. நிலத்தில் இரண்டு இஞ்சி ஸ்பொஞ்ச், நடுவில் தட்டையாகி சீமெந்தோடு சீமெந்தாய்க் கிடந்தது. அவர் வானுக்குள் பின் சீற்றில் படுத்திருந்தார், கதவைத் திறந்து காலை வெளியே விட்டபடி. "அதுக்கு இது பரவாயில்ல தம்பி" என்றார். அன்றைக்குப் பின்னேரம் அவர் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் ஓட வேண்டும். எங்கட நண்பர்கள் ஐந்து பேரும் அந்த வானுக்குள் நித்திரை கொண்டு போகப்போகிறார்கள், அவர் முழிச்சிருப்பார் என்ற நம்பிக்கையில்.

சுற்றுலா விடுதிகள் பலதிலும் இதுதான் நடைமுறை. விருந்தாளியின் மெத்தைக்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்த நாங்களே அந்த அறையைக் கேட்காமல் விட்டோம் என்பது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மெத்தை பற்றி எழுத வேண்டும் என்று யோசித்ததே அந்த விடியற்காலையில்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். முதலில் கொஞ்சம் கோபப்பட்டார். "சும்மா குடுக்கிற இடத்துக்கு இவ்வளவு கதையோ?" என்றார். வான் நிற்கிற பக்கம் போய் ஸ்பொஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசவில்லை. அன்று மத்தியானம் ரீச்சர் கூட்டத்தில் இருந்த நேரம், அவரிடம் கேட்டுவிட்டு, அவருடைய அறையில் அந்த அண்ணையை மூன்று மணித்தியாலம் படுக்க வைத்தோம். ஏசி இல்லாத அறை. அலாரம் அடிச்சும் எழும்பவில்லை, போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது எங்கட தங்குமிடப் பட்டியலில் இரண்டு வரி கூடியிருக்கிறது. படுத்துப் பார்த்தாச்சா? சாரதியின் அறையைப் பார்த்தாச்சா? போன கிழமை அந்த வீட்டுக்காரர் போன் எடுத்தார். பின்னறைக்கு இரண்டு மெத்தை எடுக்கப் போறாராம், தும்பு எங்கே மலிவு என்று கேட்டார். இரண்டு கடை சொன்னோம். தராசையும் கொண்டுபோகச் சொன்னோம். எடுத்தாரா இல்லையா என்று இன்னும் தெரியாது. அடுத்த சந்திப்புக்கு அறை பார்க்கப் போகும்போது பின்பக்கத்தால்தான் உள்ளே போகப்போகிறோம்.